கிணற்றடியில் விழுந்தவர்கள்

ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய்யில் ஏழு விவரங்கள் இருந்தன. ஏழையும் ஓட்டோவில் போகும்போதே ஒழுங்குபடுத்திவிட்டேன். காலை ஏழு மணி. குளிக்கப் போனேன். கிணற்றுக்கட்டில் பாசி. கையில் வாளி இருந்தது. வலது கால் வழுக்கியது. அது கட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் மடங்கியது. உடம்பின் பாரம் முழுவதும் அதன்மேல் விழுந்தது.

ஒன்றும் மற்றதோடு முரண்படவில்லை. எழுதிக்கொண்டிருந்த டொக்டர் ஓரிடத்திலும் பேனையை நிறுத்தவில்லை. நான் ஒரு கட்டட நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். கொன்கிறீற் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து, எந்தப் பாரத்தில் உடைகின்றன என்று பார்த்து எழுதுவது என் வேலை. அறிக்கை எழுதிப் பழகிய மூளை பொய்யையும் அறிக்கை போலவே செய்தது.

வீதியில் அடிபட்டு, ஆஸ்பத்திரி வாசலில் என்ன சொல்வது என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அங்கே ஒருவரும் பிழை விடவில்லை. நான் சொன்ன கதைக்கு என்ன வைத்தியம் செய்யவேண்டுமோ அதைச் செய்தார்கள். அந்த வைத்தியம் என் காலுக்கு உரியதல்ல.

நடந்தது இதுதான்.

எங்களுக்கு யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய். அப்பா இல்லை. அம்மா, ரூபன் அண்ணை, நான். அண்ணையிடம் ஒரு சின்ன லொறி இருக்கிறது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கத்தரிக்காயும் கோவாவும் ஏற்றிக் கொடிகாமம் சந்தைக்குக் கொண்டுபோவார். என்னிடம் ஒரு பற்றறி ஸ்கூட்டி இருந்தது. அதற்கு இலக்கத் தகடு இல்லை. விற்றவர் "இதுக்கு ஒண்டும் தேவையில்லை, பொம்பிளைப் பிள்ளையள் சும்மா ஓடலாம்" என்றார். தேவை என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஓடினேன்.

காலையில் இருவரும் ஒரே நேரம் வெளிக்கிடுவோம். நான் முன்னால், அண்ணை பின்னால். அவருக்கு என் ஸ்கூட்டியைக் கண்டால் சிரிப்பு. "மிக்சி" என்பார். லொறியின் மூக்கை என் முதுகுக்குக் கிட்டக் கொண்டுவந்து இரண்டு தரம் கோர்ண் அடிப்பார். நான் திரும்பி முறைக்கவேண்டும். அவர் கண்ணாடிக்குப் பின்னால் பல்லைக் காட்டுவார். கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் இது நடந்தது. வேண்டாம் என்று நான் சொன்ன நாட்கள் மிகக் குறைவு.

அன்று காலை ஆறு முப்பத்தைந்துக்கு எனக்கு முன்னால் தங்கராசா அண்ணை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். எங்கள் ஊர்த் தோட்டக்காரர், அறுபது வயது தாண்டியவர். மண்வெட்டியைச் சைக்கிள் பாரில் கட்டியிருந்தார். அதன் அலகு வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் சைக்கிள்காரர் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் என்ன வருகிறது, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதைக் காதால்தான் பார்ப்பார்கள். என் ஸ்கூட்டிக்குச் சத்தம் கிடையாது. அவரைப் பொறுத்தவரை வீதியில் நான் இல்லை. லொறி மட்டும்தான் இருந்தது.

ஊருக்குள் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. தெரிந்த லொறி இரண்டு தரம் சுருக்கமாகக் கோர்ண் அடித்தால், "கண்டிட்டன், நீங்கள் போங்கோ" என்று அர்த்தம். அண்ணை எனக்கு அடித்தார். தங்கராசா அண்ணை அதைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டார். நன்றிக்கு ஒரு கையையும் தூக்கிவிட்டு, தன் தோட்டத்து ஒழுங்கைக்கு வலது பக்கம் திருப்பினார்.

மண்வெட்டி, அவரை முந்தப் போன என் ஹான்டிலில் கொழுவியது. நான் விழுந்தேன். அண்ணை பிறேக் அடித்தார். அவருக்கும் எனக்கும் இடையில் இரண்டு மீற்றர் இருந்திருக்கும். முன் சில்லு என் வலது கெண்டைக்காலில் ஏறி, அங்கேயே நின்றது. அண்ணை எட்டிப் பார்த்து, கண்டு, கியரை மாற்றிப் பின்னுக்கு எடுத்தார். லொறியில் அறுநூறு கிலோ கோவா. ஒரு முன் சில்லுக்கு நானூறு கிலோவுக்குக் குறையாது. இந்தக் கணக்கை நான் நிலத்தில் கிடந்தபடியே செய்துவிட்டேன் என்றால் நம்பமாட்டீர்கள். செய்தேன்.

இரத்தம் அதிகம் வரவில்லை. தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். அதனால் சண்டை பிடிக்க அவர்களுக்கு நேரம் இருந்தது.

"பின்னாலை பாக்கத் தலை திரும்பாதோ உமக்கு?" என்றார் அண்ணை.

"நீதானே போகச் சொல்லிக் கோர்ண் அடிச்சனீ!"

"நான் இவளுக்கு அடிச்சது!"

"இவள் எங்கை வந்தவள்? உந்தச் சத்தமில்லாத சாமானிலை வந்தா எனக்கென்ன சாத்திரமே தெரியும்?" தங்கராசா அண்ணை முழங்கை சிராய்ப்பைத் தூக்கிக் காட்டினார். "பேயை நம்பி றோட்டிலை போகலாம், உதை நம்பேலாது."

"சைக்கிளுக்கு ஒரு கண்ணாடி பூட்ட வக்கில்லை, கதைக்கிறார்."

"ஓமடா, நீ கண்ணாடி பூட்டித்தானே தங்கச்சிக்கு மேலை ஏத்தினனீ."

நான் "அண்ணை, கால்" என்றேன். அப்போதுதான் இருவரும் குனிந்தார்கள்.

பொலிசுக்குப் போகக்கூடாது என்பதில் மூவருக்கும் அதிகம் பேச்சுத் தேவைப்படவில்லை. அண்ணைக்கு முந்தின வருடம் ஒரு வழக்கு இருந்தது, அதுவும் ஒரு சைக்கிள்காரரோடு. இன்னொன்று வந்தால் லைசன் போய்விடும் என்று அவர் நம்பினார். என் ஸ்கூட்டிக்கு இலக்கம் இல்லை. தங்கராசா அண்ணை நீதிமன்றம் இருக்கிற வீதியாலேயே போகமாட்டார். ஆஸ்பத்திரியில் வீதி விபத்து என்று சொன்னால் அங்கேயே இருக்கிற பொலிசுக்கு அறிவிப்பார்கள். ஆகவே வேறு ஏதாவது சொல்லவேண்டும்.

"கிணத்தடி," என்றார் தங்கராசா அண்ணை. ஏற்கெனவே யாருக்கோ சொல்லிக்கொடுத்தவர் மாதிரிச் சட்டென்று வந்தது. "கிணத்தடியிலை வழுக்கினதெண்டு சொல்லுங்கோ. உதை ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்."

அண்ணை என் முகத்துக்குக் கிட்டக் குந்தினார். "தர்சி, சொல்லுவியே?"

நான் ஓம் என்றேன். என்னை ஒருவரும் மிரட்டவில்லை. லொறிதான் எங்கள் சோறு. அண்ணை சிறைக்குப் போகிற படம் ஒன்று மனதில் ஓடியது. கால் முறிந்தால் பொருந்தும் என்றும் தெரியும். ஆறு கிழமைதானே என்று நினைத்தேன்.

லொறியில் என்னை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டா. பிறகு அண்ணை விஷயத்தைச் சொன்னார். அம்மா அழுகையை நிறுத்தி, என்னை மேலிருந்து கீழே பார்த்தா. "உந்தக் கோலத்திலை குளிச்சவள் எண்டு யார் நம்புவினம்?" என்றா.

என்னைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போனார்கள். ஜீன்ஸைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். கெண்டைக்காலில் ரயரின் வரி அப்படியே விழுந்திருந்தது, கோடு கோடாக. அம்மா சவர்க்காரம் போட்டு அதைத் தேய்த்தா. நான் கத்தினேன். "கொஞ்சம் பொறு பிள்ளை, கொஞ்சம் பொறு" என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தா. பிறகு வீட்டில் போடும் பழைய சோட்டி ஒன்றைப் போட்டுவிட்டு, தலையில் மூன்று வாளி தண்ணீர் ஊற்றினா. அண்ணை பிடித்துக்கொண்டார். நனைந்த தலையோடு என்னை ஒரு ஓட்டோவில் ஏற்றினார்கள். லொறியில் போனால் சந்தேகம் வரும் என்று அண்ணைதான் சொன்னார். அவர் கோவாவைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் என் வயதுப் பெண் டொக்டர். ஏழு விவரங்களையும் எழுதினார். எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. பெரியதில் வெடிப்பு, ஆனால் விலகவில்லை. "நல்ல காலம், ஒப்பரேசன் தேவைப்படாது" என்றார். காலின் பின்பக்கம் மாத்திரம் மாவுக்கட்டுப் போட்டார்கள். வீங்க இடம் விடுவதற்காக முழுக்கச் சுற்றுவதில்லை. ஒன்பதரைக்கு வாட்டில் கட்டில் கிடைத்தது.

பக்கத்துக் கட்டிலில் கொழும்புத்துறை ராணி அக்கா. புருஷன் கடலுக்குப் போகிறவர். அவவுக்குக் கை முறிந்திருந்தது. கழுத்தில் செபமாலை, மடியில் பிஸ்கட் பெட்டி.

"என்ன பிள்ளை நடந்தது?"

"கிணத்தடியிலை விழுந்திட்டன், அக்கா."

அவ பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு வாட்டைச் சுற்றிக் காட்டினா. "அந்தா, மூண்டாம் கட்டில், கிணத்தடி. மூலையிலை இருக்கிற மனுசி, கிணத்தடி. நானும் கிணத்தடிதான்." கொஞ்சம் கிட்டக் குனிந்தா. "எங்கடை வீட்டிலை கிணறு இல்லை, பைப்."

பிறகு சிரித்தா. மருமகனின் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தவவாம். அவன் லைசன் எடுக்கவில்லை. "யாழ்ப்பாணத்திலை றோட்டிலை ஒருத்தரும் விழுகிறேல்லை" என்றா.

நானும் சிரித்தேன். அது பத்து மணி. அதற்குப் பிறகு அன்று சிரிக்கவில்லை.

இனி எழுதுவதைக் கவனமாக வாசியுங்கள். இதற்காகத்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

கெண்டைக்காலின் தசைகள் நான்கு உறைகளுக்குள் இருக்கின்றன. அந்த உறைகள் இழுபடாது. பாரம் ஏறி நசுங்கிய தசை வீங்கும். வீங்க இடம் இல்லாததால் உள்ளே அமுக்கம் கூடும். ஒரு கட்டத்தில் அந்த அமுக்கத்தை மீறி இரத்தம் உள்ளே வரமுடியாது. முதலில் நரம்பு மரத்துப்போகும், பிறகு தசை சாகும். சில மணித்தியாலங்கள்தான் கையில் இருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் விரல்கள் சிவப்பாகவே இருக்கும், பாதத்தில் நாடித் துடிப்பும் இருக்கும். வைத்தியம் ஒன்றுதான். தோலையும் உறையையும் நீளத்துக்கு வெட்டித் திறந்துவிடுவது. நேரத்தோடு வெட்டினால் தழும்பு மட்டும் மிஞ்சும்.

வழுக்கி விழுந்து எலும்பு வெடித்த காலில் இது மிகக் குறைவாகவே வரும். பாரமான வாகனம் ஏறிய காலில் டொக்டர்கள் முதலில் தேடுவதே இதைத்தான். என் கதையில் வாகனம் இல்லை.

பதினொரு மணிக்கு வலி கூடியது. முறிந்த இடத்தில் அல்ல, தசைக்குள். உள்ளே யாரோ காற்று அடிப்பதுபோல. நேர்ஸ் மிஸ் வந்து ஊசி போட்டா. ஊசி ஒன்றும் செய்யவில்லை. அவ என் கால் பெருவிரலைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினா. நான் கட்டில் கம்பியைக் கடித்தேன்.

"கிணத்தடி முறிவுக்கு உவ்வளவு நோகாதே," என்றா மிஸ். "உண்மையாக் கிணத்தடிதானே, தங்கச்சி?"

"ஓம், மிஸ்."

பன்னிரண்டு மணிக்கு ஆட்களைப் பார்க்கவிடுவார்கள். அம்மாவும் அண்ணையும் வந்தார்கள். அம்மா புழுங்கலரிசிக் கஞ்சி கொண்டுவந்திருந்தா. அண்ணை குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சேட் போட்டிருந்தார். சந்தைக்குப் போய் வந்துவிட்டார்.

நான் சொன்னேன், "அண்ணை, இது சரியில்லை. லொறி ஏறினதெண்டு சொல்லப்போறன்."

அண்ணை கட்டிலின் விளிம்பில் இருந்தார். என் கையைப் பிடித்தார். "டொக்டர் வெடிப்பெண்டுதானே சொன்னவர்?"

"உள்ளுக்கை வேறை ஏதோ நடக்குது."

"நோகத்தானே செய்யும். முறிஞ்ச கால் நோகாதே?" குரலைத் தாழ்த்தினார். "இப்ப மாத்திச் சொன்னா முதல் சொன்னது பொய்யெண்டு வரும். உனக்கும் சேர்த்துத்தான் கேஸ். பின்னேரம் பெரிய டொக்டர் வருவாராம். அதுவரைக்கும் பொறு. அதுக்குப் பிறகும் உப்பிடியெண்டா நானே சொல்லுறன். சத்தியமா."

அம்மா கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினா. வாயைத் துடைத்துவிட்டா. விசிறியால் என் காலுக்கு விசிறினா. ஒரு மணிக்கு மணி அடித்தபோது இருவரும் போய்விட்டார்கள். அந்த ஒரு மணித்தியாலம் முழுவதும் அவர்கள் என்னிடம் அன்பாக இருந்தார்கள். அதைவிடக் கொடூரமான ஒரு மணித்தியாலம் எனக்கு வாய்க்கவில்லை.

ஒன்றரைக்கு அந்தப் பெண் டொக்டர் தானாகவே வந்தார். மிஸ் சொல்லியிருக்கவேண்டும். கட்டைத் தளர்த்தினார். கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். அது பலகை மாதிரி இருந்தது.

"காலுக்கு மேலை பாரமான சாமான் ஏதும் விழுந்ததோ? ஏதும் ஏறினதோ?"

அவர் என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார். இதைவிட நேராக ஒரு கேள்வியைக் கேட்கமுடியாது.

"இல்லை, டொக்டர். என்ரை உடம்புதான் விழுந்தது."

ஏழாவது விவரம். அது அவ்வளவு ஒழுங்காக வந்து பொருந்தியதில் எனக்குள் சிறியதொரு திருப்தி இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவர் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை விரல்களைப் பார்க்கும்படி மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு, பெரிய டொக்டருக்கு அறிவிக்கப்போனார். பெரிய டொக்டர் ஒப்பரேசன் தியேட்டரில் இருந்தார். கிணற்றடியில் விழுந்தவளுக்காக அவரை வெளியில் கூப்பிடமாட்டார்கள்.

மூன்று மணிக்கு வலி குறைந்தது. நான் நன்றாகிறேன் என்று நினைத்தேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் தொட்டுப் பார்த்தேன். என் விரல் தொட்டது தெரிந்தது. கால் தொடப்பட்டது தெரியவில்லை. இயந்திரத்தில் கொன்கிறீற் கட்டி உடைவதற்குச் சற்று முன் பாரம் காட்டும் ஊசி முன்னேறாமல் ஒரு கணம் நிற்கும். அப்போது கட்டி தாங்கிவிட்டது போலத் தோன்றும். அந்த நிற்றலை நான் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன்.

ராணி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. "என்ன, நோவு நிண்டிட்டுதே?"

"ஓம்."

"முகம் ஏன் அப்ப உப்பிடி?"

அவ கட்டிலால் இறங்கி வந்தா, கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "இஞ்சை பார் பிள்ளை. நான் மருமோனுக்காகப் பொய் சொன்னன். என்ரை கை பொய் சொன்னாலும் பொருந்தும், உண்மை சொன்னாலும் பொருந்தும். உன்ரை கால் அப்பிடி இல்லைப் போலக் கிடக்கு. ஆருக்காக வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறாய்? அவருக்கு ரெண்டு காலும் இருக்குத்தானே?"

மிஸ்ஸைக் கூப்பிடும்படி சொன்னேன். நான்கு பத்து. "லொறி ஏறினது, மிஸ். காலமை ஆறு முப்பத்தைஞ்சுக்கு. ஏறி, நிண்டு, பின்னுக்கு எடுத்தது."

மிஸ் ஒரு சொல்லும் திட்டவில்லை. ஓடினா. அந்த வாட்டில் ஒருவரும் ஓடி நான் அதுவரை பார்க்கவில்லை.

ஐந்து மணிக்குத் தியேட்டர். காலின் இரண்டு பக்கமும் முழங்காலில் இருந்து கணுக்கால்வரை வெட்டித் திறந்தார்கள். திறந்தபடியே விட்டார்கள். வீக்கம் வற்றும்வரை தைக்கமுடியாது. மறுநாள் என் சிறுநீர் கொக்கோகோலா நிறத்தில் போனது. செத்த தசையின் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கும். அதற்காகச் சேலைன் ஓடவிட்டார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தியேட்டருக்குக் கொண்டுபோய்க் காயத்தைக் கழுவினார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தசை குறைந்தது. உயிருள்ள தசையைச் சுண்டினால் துடிக்குமாம், இரத்தம் வருமாம். என்னுடையதில் அநேகம் துடிக்கவில்லை.

பொலிஸ்காரர் ஒருவர் இரண்டாம் நாளே வந்தார். எனக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. பிறகு வருவதாகச் சொல்லிப் போனார். நான் டொக்டரிடம் "ஒரு லொறி" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். எந்த லொறி என்று சொல்லவில்லை.

அண்ணை ஒரு நாளும் தவறவில்லை. எனக்கு இரத்தம் கொடுத்தார். நண்டு இரசம் கொண்டுவந்தார், ஆட்டெலும்புச் சூப் கொண்டுவந்தார். கட்டிலைச் சுற்றிக் கொசுவலையைச் செருகிவிட்டார். தலைமுடி சிக்கானபோது, அம்மா வரமுடியாத ஒரு நாளில், பக்கத்தில் இருந்து சிக்கெடுத்தார். பெண்கள் வாட்டில் அத்தனை பேர் பார்க்க அதைச் செய்ய எங்கள் ஊர் ஆண்கள் வெட்கப்படுவார்கள். அவர் வெட்கப்படவில்லை. "ரூபன் மாதிரி ஒரு சகோதரம் கிடைக்கக் குடுத்துவைக்கவேணும்" என்று மூன்றாம் கட்டில் மனுசி சொன்னா.

ஒன்பதாம் நாள் பெரிய டொக்டர் வந்தார். மெல்லிய மனிதர், சுற்றிவளைத்துப் பேசமாட்டார். அம்மாவும் அண்ணையும் நின்றார்கள்.

"தசை முக்கால்வாசி போட்டுது. கிருமி ஏறியிருக்கு. இனியும் வைச்சிருந்தா சிறுநீரகம், பிறகு உயிர். முழங்காலைக் காப்பாத்தலாம். அதுக்குக் கீழை எடுக்கவேணும். முழங்கால் இருந்தாச் செயற்கைக் காலோடை நல்லா நடக்கலாம்."

அம்மா நிலத்தில் இருந்துவிட்டா. நான், "எத்தனை மணிக்குச் சொல்லியிருந்தாக் கால் நிண்டிருக்கும்?" என்று கேட்டேன். எனக்கு எண் தேவைப்பட்டது.

அவர் கோப்பைப் புரட்டினார். "காலமை சொல்லியிருந்தா ஒரு கேள்வியும் இல்லை. மத்தியானம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சொல்லியிருந்தாலும் அநேகமா நிண்டிருக்கும்."

பன்னிரண்டு, பன்னிரண்டரை. அண்ணையின் கை என் கையின்மேல் இருந்த நேரம். நான் அவரைப் பார்த்தேன். அவர் டொக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர்," என்றார். "அப்ப, ரயர் ஏறினதாலை இல்லையே கால் போகுது?"

டொக்டருக்கு ரயர் யாருடையது என்று தெரியாது. கேட்டதற்குப் பதில் சொன்னார். "ரயராலை எலும்பு வெடிச்சது, தசை நசுங்கினது. அது சுகப்படுத்தக்கூடியது. கால் போறது பிந்தினதாலை."

அண்ணை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒன்பது நாளாக அவர் அப்படி அழவில்லை. என்ன அழுகை அது என்று எனக்குத் தெரிந்தது. பாரத்தை இறக்கிவைத்த ஆளின் அழுகை.

அன்று பின்னேரம் அம்மா நகவெட்டி கொண்டுவந்தா. ஏன் என்று நான் கேட்கவில்லை. இடது காலின் நகங்களை வெட்டினா. பிறகு வலது காலைப் பார்த்தா. விரல்கள் நாவல் நிறத்தில் இருந்தன. என்னைப் பார்த்தா. "வெட்டுங்கோ" என்றேன். ஐந்தையும் வெட்டி, நகங்களை ஒரு கடதாசியில் மடித்துக் கொண்டுபோனா. எனக்கு ஒன்றும் நோகவில்லை.

சம்மதப் பத்திரத்தில் நானே கையெழுத்து வைத்தேன். மறுநாள் காலையில் கால் போனது.

இல்லாத காலின் பெருவிரல் கடிக்கும், அரிக்கும் என்று சொல்லிவைத்தார்கள். உண்மைதான். ஆனால் நான் கண்விழித்தபோது அதைவிட வேகமாக வந்துசேர்ந்தது ஊர்க்கதை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே வெவ்வேறு குரலில் சொன்னார்கள். தங்கராசா அண்ணை ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு வந்தார். முழங்கைச் சிராய்ப்பு காய்ந்து உதிர்ந்திருந்தது. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

"என்ன பிள்ளை, படிச்ச பிள்ளை நீ. டொக்டருக்குப் பொய் சொல்லலாமே?"

"நீங்கள்தானே கிணத்தடியெண்டு சொல்லித் தந்தனீங்கள்?"

"நான் வாசலிலை சொல்லத்தானே சொன்னனான். உள்ளுக்கை போயும் அதையே சொல்லச் சொன்னனானே?" உண்மையாகவே அவருக்கு அதிசயமாக இருந்தது. "ரூபன் சொன்னவன், டொக்டரே சொன்னவராம், லொறி ஏறினது ஒண்டுமில்லையாம். நீ வாயைத் திறந்திருந்தாக் கால் நிண்டிருக்குமாம்."

ராணி அக்கா அடுத்த கட்டிலில் இருந்து, "ஐயா, பழத்தை வைச்சிட்டுப் போங்கோ, நேரமாகுது" என்றா. பார்வையாளர் நேரம் முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

கால் போன மூன்றாம் நாள் பொலிஸ்காரர் திரும்பவும் வந்தார். நடுத்தர வயது, தமிழர், பொறுமையான ஆள். கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, நீளமான புத்தகத்தை மடியில் விரித்தார். அண்ணை கட்டிலின் கால்மாட்டில் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றார். அம்மா என் தலைமாட்டில்.

அம்மா குனிந்து என் காதுக்குள் சொன்னா. "பிள்ளை, இனிச் சொல்லி என்ன? கால் வரப்போகுதே?"

நான் ஆறு முப்பத்தைந்தில் தொடங்கினேன். இலக்கத் தகடு இல்லாத ஸ்கூட்டி. பின்னால் பார்க்காமல் திரும்பிய சைக்கிள். இரண்டு தரம் அடித்த கோர்ண், அது யாருக்கு, அதை யார் தனக்கென்று எடுத்தார். இரண்டு மீற்றர் இடைவெளி. ஏறியது, நின்றது, பின்னுக்கு எடுத்தது. பிறகு கிணற்றடிப் பொய், அதை ஒழுங்குபடுத்தியது நான் என்பது, ஒன்றரை மணிக்கு டொக்டர் நேராகக் கேட்டும் இல்லை என்றது. பொலிஸ்காரர் நிறுத்தாமல் எழுதினார்.

"லொறி இலக்கம் தெரியுமே?"

சொன்னேன்.

"ஓடினவரைத் தெரியுமே?"

"என்ரை கூடப்பிறந்த அண்ணை. இந்தா நிக்கிறார்."

பேனை நின்றது. அவர் அண்ணையைப் பார்த்தார், பிறகு போர்வையைப் பார்த்தார், பிறகு என்னை. "தங்கச்சி, யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் எழுதினாப் பிறகு இல்லையெண்டு சொல்லேலாது."

"எழுதுங்கோ."

எழுதினார். அம்மா என் தலையில் இருந்து கையை எடுத்துவிட்டா. அண்ணை சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார், மிகவும் மெதுவாக, சத்தம் வராமல்.

"ஐயா," என்றார் பொலிஸ்காரரிடம். "பெரிய டொக்டர் சொன்னதையும் எழுதுங்கோ. கால் போனது ரயராலை இல்லை, பிந்தினதாலையெண்டு. இவளுக்கு முன்னாலைதான் சொன்னவர்."

பொலிஸ்காரர் என் முகத்தைப் பார்த்தார். இதை மறுப்பதா விடுவதா என்பதை என்னிடமே விட்டுவிட்டார் போலிருந்தது.

"அதையும் எழுதுங்கோ," என்றேன். "டொக்டர் சொன்னது சரிதான். என்னைப் பிந்தச் சொன்னது ஆர், எத்தனை மணிக்கு எண்டதை அதுக்குக் கீழை எழுதுங்கோ."

அவர் எழுதி முடித்து, மூன்று பக்கத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் மணி பிழையாக இருந்தது. திருத்தச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்து வைத்தேன்.